பதினாலாயிரம் பேருக்குத் தண்ணி கலந்தவர்

ஒரு மனிதர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், அதைத் திருத்தாமல் அவரைக் கடல் கடந்து வரவழைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், அதுவரை என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படித்துவிடுவீர்கள்.

நான் மலேசியாவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். தமிழ், மலாய், ஆங்கிலம். அந்த வேலைக்கு இரண்டு விதிகள் உண்டு. சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது முதல் விதி. சாட்சி கேள்வியையே தவறாகப் புரிந்துகொண்டார் என்று தெரிந்தால், உடனே நிறுத்தி நீதிபதியிடம் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. நீதிமன்றத்தில் இரண்டையும் மீறியதில்லை. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் இருந்த ஏஜென்சி அறையில், முதல் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து இரண்டாவதைக் கைவிட்டேன்.

1. நேர்முகம்

அது உணவகங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி. நடத்தியவர் புவனா. என் மகள் வயது. ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசி, மூன்றாவதில் டைப் அடிப்பார். எனக்கு வாரத்தில் நான்கு நாள் வேலை. வர விரும்புகிறவர்களை வாட்ஸ்அப்பில் அழைத்து, அனுபவம் என்ன என்று கேட்டு, பாரத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். ஏர்கான் அறை, பேச ஆட்கள், மதியம் வாழையிலைச் சாப்பாடு. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலியை இழக்கக்கூடாது என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது.

அந்த வாரம் கிள்ளானில் ஒரு மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்துக்கு, ஒரே ஓர் ஆள் பாக்கி. வெளிநாட்டு ஆள் எடுக்கக் கடைக்காரருக்குக் கிடைத்திருந்த கோட்டா வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிவிடும். தேவைப்பட்டது தண்ணி கலக்குகிறவர்.

மலேசியாவில் படிக்கிறவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கடையில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது "தண்ணி என்ன?" என்பதுதான். தேநீர், காப்பி, மைலோ, சிராப், எல்லாம் எங்களுக்குத் தண்ணி. அவற்றைப் போட்டுக் கொடுக்கிறவர் தண்ணி கலக்குகிறவர். தமிழ்நாட்டில் டீ மாஸ்டர் என்பார்கள். நான் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன். இப்படி ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று அன்றுவரை யோசித்ததே இல்லை.

போனில் வந்தவர் பெயர் தனவேல். பெரம்பலூர் பக்கம் ஒரு சிறிய ஊர். குரல் நிதானமாக இருந்தது.

"உங்களுக்குத் தண்ணி கலக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். எட்டு வருசமா அதான் சார் வேலை."

"ஒரு நேரத்துக்கு எத்தனை பேருக்குக் கலப்பீங்க?"

"பேருக்குன்னா..." கணக்குப் போடுகிற சத்தம் கேட்டது. "ஒரு பதினாலாயிரம் பேரு இருக்கும் சார்."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"பதினாலாயிரமா?"

"கோடையில கூடும் சார். திருவிழா அன்னைக்கு ரெண்டு தடவ கலக்கணும்."

"கூடக் குறைய ஆயிடாதா?"

"டோஸ்ல நான் கரெக்ட் சார். கூடிப்போனா ஜனங்க நாத்தம் அடிக்குதுன்னு சண்டைக்கு வந்துருவாங்க. கொறஞ்சா வயித்தால போகும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்."

"எதைச் சொல்றீங்க?"

"குளோரின் சார்."

அவர் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு ஒப்பந்த ஆபரேட்டர். தண்ணீர் திறந்துவிடுவதும், குளோரின் கலப்பதும் அவர் வேலை. எட்டு வருடமாக அடுத்த வருடம் நிரந்தரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். மகளை நல்ல பள்ளியில் சேர்த்தாயிற்று, ஒப்பந்தச் சம்பளம் பள்ளிக்கே போகிறது, மனைவி ரவிக்கை தைத்துத்தான் வீடு ஓடுகிறது என்றார். மலேசியாவில் தண்ணி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் உடனே பெயர் கொடுத்தாராம். "நம்ம வேலையவே அங்க போய்ச் செய்யலாம்னா யாரு சார் விடுவா?"

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புவனா எதிர் மேசையிலிருந்து விரலைச் சுழற்றிக் காட்டினார்.

"அங்கிள், இழுக்காதீங்க லா. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா இல்லையா?"

"தண்ணியில எட்டு வருஷம்," என்றேன்.

"சூப்பர். போடுங்க."

போட்டேன். வார்த்தைக்கு வார்த்தை சரி. எந்த நீதிபதியும் அதில் பிழை காண முடியாது. அவருக்கு அங்கே கிடைப்பதைவிட இங்கே மூன்று மடங்கு கிடைக்கும், வந்தால் அவருக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். அன்று மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதுவும் நினைவிருக்கிறது.

2. வந்த நாள்

விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுநரோடு நானே போனேன். குற்றவாளிகள் சம்பவ இடத்துக்குத் திரும்பி வருவார்கள் என்று நீதிமன்றத்தில் போலீஸ்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மாதிரிதான்.

தனவேல் ஒல்லியாக, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்தார். பெட்டியை ஓட்டுநரிடம் கொடுத்தவர், கையிலிருந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன அது என்று கேட்டேன். திறந்து காட்டினார். மூன்று சோதனைக் குழாய், ஒரு சொட்டு மருந்துக் குப்பி, மஞ்சள் நிறத்தின் பல சாயல்களைக் காட்டும் ஓர் அட்டை.

"குளோரோஸ்கோப் சார். தண்ணியில ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். அங்க கொடுப்பாங்கதான். இருந்தாலும் நமக்குப் பழகின டப்பா."

ஷா ஆலம் தாண்டும்போது ஒரு மேட்டின் மேல் காளான் மாதிரி பெரிய தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தனவேல் கண்ணாடிப் பக்கம் நகர்ந்தார்.

"இதுவா சார் நம்மளது?"

"இல்ல."

கொஞ்சம் தூரம் போனதும் இன்னொன்று.

"இதுவா சார்?"

"இல்ல தம்பி. நம்மளது கொஞ்சம் சின்னது."

ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்பார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய நாளில் விளக்கம் சொல்ல ஐந்து நிமிடம்கூடக் கிடையாது. தனவேலைத் தோளில் தட்டி அழைத்துப் போய், கொதிக்கும் தண்ணீர்ப் பாய்லர், பால் டின் அடுக்கு, இரண்டு பெரிய ஸ்டீல் குவளை இருந்த மேடைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இதுதான் ஒன் கவுண்டர். காலையில கூட்டம் வரும், பாத்துக்க."

தனவேல் பாய்லரைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், கொஞ்சம் தப்பு நடந்திருக்கு போல இருக்கே."

அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். "பழகிடும் லா," என்றேன்.

அன்று சாயங்காலமே சிப்பந்தி ஒருவன் "தே ஓ கோசோங் ஒண்ணு" என்று குரல் கொடுத்திருக்கிறான். தனவேல் பக்கத்தில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவரிடம் கோசோங் என்றால் என்ன என்று கேட்டார். "காலின்னு அர்த்தம்," என்றார் அவர். தனவேல் ஒரு காலிக் கண்ணாடிக் குவளையைத் துடைத்து அனுப்பிவைத்தார். பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் கேட்ட சீனக் கிழவர், குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பாஸ், இது ரொம்ப கோசோங்," என்றாராம். அந்தக் கடையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

3. நீல டாங்கி

ஏன் அவர் திரும்பிப் போகவில்லை என்று கேட்பீர்கள். நானும் இரண்டாவது வாரம் அதைக் கேட்டேன். கொம்யூட்டர் ரயில் பிடித்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கிள்ளானுக்குப் போய் அந்தக் கடையில் தேநீர் குடிக்கத் தொடங்கியிருந்தேன். எதற்குப் போனேன் என்று அப்போது எனக்கே பிடிபடவில்லை.

"எங்க சார் போறது? எடத்த விட்ட மறுநாளே வேற ஆளப் போட்டுட்டாங்க. அந்த ஒரு வேலைக்கு எழுவது பேரு மனுப் போட்டிருந்தாங்களாம்."

"வேற கம்பெனிக்கு மாத்த முடியுமான்னு பாக்கட்டுமா?"

புவனாவிடம் கேட்டேன். பெர்மிட் உணவகத்துக்கு மட்டும்தான், அதுவும் இந்தப் பாயின் உணவகத்துக்கு மட்டும்தான் என்றார். "அங்கிள், தெரிஞ்சுதானே கேக்கறீங்க?" தெரிந்துதான் கேட்டேன்.

தனவேலை உறுத்தியது தேநீர் அல்ல. ஒரு லிட்டருக்கு எத்தனை கரண்டித் தூள், எத்தனை கரண்டிப் பால் என்று மூன்று நாளில் அளவெடுத்துவிட்டார். காலை ஏழு மணித் தேநீரும் மாலை ஏழு மணித் தேநீரும் ஒரே ருசி. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றுவதும் வந்துவிட்டது. உறுத்தியது ஊரில் சொல்லியிருந்த பேச்சு. மனைவி கலைவாணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், மலேசியாவில் வாட்டர் ஒர்க்ஸில் வேலை என்று. ஒப்பந்த ஆள், ஒப்பந்த ஆள் என்று எட்டு வருடம் கேட்டுச் சலித்த காதுகள். அந்தப் பேச்சைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கடைக்குப் பின்சந்தில் பாய் ஒரு நீலப் பிளாஸ்டிக் தண்ணீர் டாங்கி வைத்திருந்தார். தனவேல் அதற்கு முன்னால் நின்றுதான் வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார்.

"பின்னாடி தெரியுதே, அதுதான் மெயினா?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

"இது சும்மா டெஸ்டிங்குக்கு. பெரிசெல்லாம் உள்ள இருக்கு. உள்ள போன் விடமாட்டாங்க."

இதில் என் பங்கும் உண்டு. என் மகன் பழைய வேலையில் பயன்படுத்திய பாதுகாப்புத் தொப்பி ஒன்று வீட்டில் கிடந்தது. மஞ்சள் நிறம். அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்த் தனவேலிடம் கொடுத்தேன். பரிகாரம் என்று நினைத்து நான் செய்த முதல் காரியம் இதுதான். ஒரு பொய்க்கு ஹெல்மெட் மாட்டிவிட்டேன்.

மகன் என்றதும் அதையும் சொல்ல வேண்டும். அந்தக் கவுண்டரில் தனவேலுக்கு முன் நின்றவன் கிள்ளான் பையன். சிங்கப்பூரில் அதே தேநீருக்கு மூன்று மடங்கு கிடைக்கிறது என்று போய்விட்டான். அந்த மூன்று மடங்குக் கணக்கு என் வீட்டிலும் நடந்தது. என் மகன் இளங்கோ இங்கே இன்ஜினியரிங் முடித்தவன். ஜொகூரில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று கேட்டால் "ஆப்பரேஷன்ஸ் பா" என்பான். நான் அதற்கு மேல் கேட்டதில்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு எந்தச் சொல்லைத் தோண்டக்கூடாது என்றும் தெரியும்.

ஒரு நாள் தனவேல் போனை நீட்டினார். மகள் நான்காம் வகுப்பில் எழுதிய கட்டுரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். என் அப்பா மலேசியாவில் வேலை செய்கிறார், அவர் தினமும் மலேசிய மக்களுக்குத் தண்ணி கலந்து கொடுக்கிறார், அவர் இல்லாவிட்டால் அவர்கள் தாகத்தால் வாடுவார்கள். ஆசிரியர் "தண்ணி"யை மட்டும் "தண்ணீர்" என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார்.

"அவ எழுதினது தப்பில்ல சார்," என்றார் தனவேல்.

தப்பில்லைதான். ஆசிரியர் கை வைக்கும்வரை சொல்லுக்குச் சொல் உண்மை.

4. தண்ணீர் வராத மூன்று நாள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். ஆற்றில் யாரோ எதையோ கொட்டுவார்கள், சுத்திகரிப்பு நிலையம் மூடப்படும், குழாயில் காற்று வரும். தனவேல் வந்து இரண்டாவது ஆண்டில் அப்படி ஒரு முறை மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. மூன்றாவது நாள் சனிக்கிழமை. வழக்கம்போல் போயிருந்தேன்.

நீல டாங்கி வறண்டுபோய், பாய் எங்கிருந்தோ ஒரு லோரித் தண்ணீர் பிடித்து வந்திருந்தார். தனியார் லோரி. ஓட்டுநர் குழாயை டாங்கியில் நுழைக்கும்போது தனவேல் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தார். சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கினார்.

தண்ணீர் நிறம் மாறவில்லை.

"பாய், இதுல குளோரினே இல்ல. எங்க புடிச்ச தண்ணியோ. வேணாம்."

"என்னாப்பா நீ, கடை தொறந்து கெடக்கு. கொதிக்க வச்சா சரியாப் போவுது."

"டீக்குக் கொதிக்கும் பாய். கிளாஸ் கழுவ? ஐஸ்ல ஊத்துற சிராப்புக்கு? இந்தத் தண்ணியில நான் கலக்க மாட்டேன்."

"கலக்க மாட்டியா? ஒன்ன எதுக்குக் கொண்டாந்தேன்?"

"தண்ணி கலக்கத்தான் பாய் கொண்டாந்தீங்க. அதனாலதான் சொல்றேன்."

லோரிக்காரர் சிரித்தார். வாடிக்கையாளர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பாய் தாடியைத் தடவினார். தனவேல் யாரையும் பார்க்காமல் இன்னொரு குழாயில் கடையிலிருந்த பாட்டில் தண்ணீர், மூன்றாவதாகப் பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் நிற்கும் முன்பே பிடித்து வைத்திருந்த பழைய குழாய்த் தண்ணீர் என்று வரிசையாகச் சோதித்து, அந்தக் கடைசியில் மட்டும் இலேசான மஞ்சள் காட்டினார். கடைசியில் பாய் லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டு மாலை வரை கடையை மூடினார். திட்டிக்கொண்டேதான் மூடினார்.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால் வந்தது. தனவேல் கையில் சோதனைக் குழாய். சுற்றிப் பத்துப் பேர். கலைவாணியும் மகளும் பார்த்தார்கள். "அப்பா டெஸ்டிங் பண்றாரு" என்று மகள் கூவியது எனக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு தனவேல் டப்பாவை மூடி, என் எதிரில் வந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"சார், ரெண்டு வருசத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் அவகிட்ட நான் பொய் சொல்லல. இத்தன நாளு தாங்குச்சு. இன்னைக்குத் தாங்கல."

டப்பாவை மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குப் போன்ல குளோரின்னு நான் சொன்னப்போ ஒங்களுக்குப் புரிஞ்சுது, இல்ல?"

"புரிஞ்சுது."

அவர் தலையாட்டினார். "நீங்க ஒரு நிமிசம் பேசாம இருந்தீங்க. அப்பவே எனக்கும் ஏதோ இடிச்சுது. கேட்டா வேல இல்லேன்னுருவீங்களோன்னு நானும் கேக்கல. அதனால முழுக்க ஒங்க மேல போடல. ஆனா நீங்க படிச்சவரு."

முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ தீர்ப்புகளை மொழிபெயர்த்திருக்கிறேன். எனக்கே வந்த இந்தத் தீர்ப்பு மூன்றே சொல்.

"நீங்களே அவகிட்டச் சொல்லுங்க சார்," என்றார். "நான் சொன்னா, பொய் சொன்னவனே சொல்ற மாதிரி இருக்கும்."

"நான் சொன்னாலும் அப்படித்தான் இருக்கும்," என்றேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

5. பரிகாரம்

மறுநாள் காலை கலைவாணியை அழைத்தேன். யார் என்று சொல்லிவிட்டு, முதல் போன் பேச்சிலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னேன். இந்த முறை இரண்டு விதிகளையும் கடைப்பிடித்தேன். மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றுவிட்டது.

"அப்போ அந்த நீல டாங்கி?"

"கடை டாங்கிம்மா."

"தலையில மாட்டிக்கிட்டு நிப்பாரே, அது?"

"என் மகனோடது."

"வீட்டுல சுடுதண்ணி கூட வச்சதில்ல அந்த மனுசன்," என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

பதினொரு நாள் அவர் கணவனோடு பேசவில்லை. தனவேல் தேநீரில் முதல் தடவையாகக் கை தவறியது அந்த நாட்களில்தான். பாய்கூடக் கவனித்து, "தண்ணி ஏன்பா கடலு மாதிரி இருக்கு?" என்றாராம். யாரோ உப்பு டின்னை மாற்றி வைத்திருந்திருக்கிறார்கள். வழக்கமாக அவர் கண்ணில் படாமல் போகாது.

பன்னிரண்டாம் நாள் கலைவாணி அழைத்தது கணவனை அல்ல, என்னை.

"சார், ஒங்கள ஒண்ணு கேக்கணும். டீ போடுற வேலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்னு நெனைக்கிறீங்க?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"இல்ல. நாலு நாள் சண்ட போட்டிருப்போம். அழுதிருப்பேன். அப்புறம் பள்ளிக்கூடத்து பீஸ் கடுதாசி வந்திருக்கும். போயிட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அப்பவும் வந்திருக்கப்போறது என்னவோ இதே எடத்துக்குத்தான். ஆனா நான் அனுப்பி வந்ததா இருந்திருக்கும். அந்த நாலு நாள் சண்டய நீங்க எடுத்துக்கிட்டீங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பள்ளி விடுமுறையில் மகளோடு ஒரு வாரம் வந்து, தானே பார்த்து முடிவு செய்யப்போவதாகச் சொன்னார். இருக்கலாமா, திரும்பலாமா என்று.

வந்தார். நான்தான் கிள்ளானுக்கு அழைத்துப் போனேன். மகள் ரயிலிலிருந்து தெரிந்த ஒவ்வொரு தண்ணீர்த் தொட்டியையும் எண்ணிக்கொண்டு வந்தாள். கடையில் உட்கார்ந்ததும் சிப்பந்தி ஓடிவந்தான், புதிதாக வந்த திண்டுக்கல் பையன்.

"அக்கா, தண்ணி என்ன?"

கலைவாணி கவுண்டரைப் பார்த்தார். அங்கே தனவேல் குவளையைத் தூக்கிப் பிடித்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரு போடுற தண்ணி எதுவோ, அது," என்றார் கலைவாணி, நன்றாகக் கேட்கும்படி.

கடையிலிருந்த தமிழ்நாட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ரொட்டி தட்டுகிறவர் மாவைக் கீழே போட்டுவிட்டார். அவர்கள் ஊரில் வீட்டுக்காரர் தண்ணி போடுவது என்றால் சாராயம் அல்லவா. சொன்ன பிறகுதான் கலைவாணிக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. சிரிப்புதான்.

அந்த ஒரு வாரத்தில் இருவரும் உட்கார்ந்து அந்த நாலு நாள் சண்டையைப் போட்டு முடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இங்கே, அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இல்லை என்பது முடிவு. மகள் கட்டுரையைத் திரும்ப எழுதினாளா என்று கேட்டேன். தேவையில்லை என்று சொல்லிவிட்டாளாம்.

6. ஒரு தாளும் ஒரு கேள்வியும்

நான் வேலையை விடுகிறேன் என்று புவனாவிடம் சொன்னேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு போனையும் கீழே வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நான்தானே அங்கிள் இழுக்காதீங்கன்னேன்," என்றார். பிறகு, "விட்டுட்டுப் போயிட்டா அடுத்து வர்றவர் இழுக்கவே மாட்டாரு. நீங்க இருந்து இழுங்க லா."

அதனால் ஒரு தாள் தயாரித்தேன். அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல். தண்ணி என்றால் இங்கே தேநீர். வெள்ளி என்றால் ரிங்கிட், நகையும் அல்ல, கிழமையும் அல்ல. தோட்டம் என்றால் பூச்செடி அல்ல, கண்ணுக்கெட்டும் வரை செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை. பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு, பட்டினி கிடந்தவர்கள் மட்டும் செய்வது அல்ல. இதைப் போனில் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டுவேன். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஓடவில்லை. "டீதானே சார், சொல்லித் தொலைங்க" என்பார்கள். வர வேண்டிய கட்டாயம் உள்ளவர்களை உண்மை தடுப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். அவர்களைக் கொண்டுவரப் பொய் தேவையே இருக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் செய்த தவறு அனாவசியமான தவறு. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கலைவாணி சொன்னதற்காகத் தாளின் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்தேன். வீட்டில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கிறீர்களா? இதில்தான் அழைப்புகள் நீண்டுபோயின. மனைவிமார் கேட்கும் கேள்விகளுக்கு முன் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல்கள் ஒன்றுமில்லை. ஒரு அறையில் எத்தனை பேர், கழிவறை எத்தனை, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள். சிலர் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் உண்டு. "அங்கிள், இது இன்டர்வியூவா, சம்பந்தம் பேசறீங்களா?" என்று புவனா தலையில் கை வைப்பார். ஆனால் கேள்வியை எடுக்கச் சொன்னதில்லை.

முந்தாநாள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி எல்லாம் கேட்டு முடித்து, சரி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, வைக்கப் போனவர் திரும்பக் கேட்டார்.

"ஏங்க, ஒங்க ஊருப் பசங்கல்லாம் ஏன் அந்த வேலைக்கு வர்றதில்ல?"

"அவங்க சிங்கப்பூர் போயிட்டாங்கம்மா. என் மகன் உட்பட."

"அங்க என்ன வேலையாம் அவருக்கு?"

வாயில் "ஆப்பரேஷன்ஸ்" வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"தெரியலம்மா. இதுவரைக்கும் கேட்டதில்ல."

"கேளுங்க," என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை இளங்கோவை அழைத்தேன். பெட்டிகளை லோரியில் ஏற்றி இறக்கும் வேலை என்றான். முதுகு வலிக்கிறது என்றான். சம்பளம் நன்றாக இருக்கிறது, இன்னும் மூன்று வருடம் பார்க்கலாம் என்று இருக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அப்பா என்று கேட்டான். நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்றோடு மூன்றாவது நாள்.